எதிர்வரிசைத் தண்ணீர்

"எதிர்வரிசையில யாருக்காச்சும் உங்க வீட்டுக் குழாய்லேருந்து தண்ணி குடுக்கறீங்களாக்கா?"

இப்படித்தான் டப்பிக்காரி ஒருநாள் பாட்டில்காரியைக் கேட்டாள். அந்த நேரம் பாட்டில்காரி சலவைச் சோடா நுரைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு சாஸ் பாட்டிலின் தொண்டைக்குள் பிரஷ்ஷைத் திருகிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அதெப்படிக் குடுப்போம்? நீங்கதான் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே" என்றாள். அவளுக்குப் பின்னால் மாடிப்படியின் அடியில், காலையில் சுருட்டி வைத்த ரப்பர் ஓஸ் இன்னும் காயாமல் கிடந்தது. டப்பிக்காரி தலையை ஆட்டிவிட்டு, எதையோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவள் போனதும் பாட்டில்காரியின் நாத்தனார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை.

"போய்ட்டாளா அண்ணி?"

"போய்ட்டா. பொய் சொன்னா உனக்கு மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும். அதான் உள்ள போகச் சொன்னேன்."

சந்தைக்குப் பின்னால் இருந்தது அந்தக் குடியிருப்பு. மூட்டை தூக்குகிறவர்கள், முட்டை வியாபாரி, துணி தேய்க்கிறவர், தராசு பழுது பார்க்கிறவர் என்று சந்தையை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள். மேல்வரிசை, கீழ்வரிசை என்று எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள். நடுவில் சாக்கடை. அதை மூடிய கல்பலகைகளில் பாதி உடைந்து உள்ளே விழுந்திருந்தன. குடிதண்ணீர்க் குழாயும் அந்தச் சாக்கடைக்குள்தான் போயிற்று. எந்தப் புண்ணியவான் அப்படிப் போட்டானோ, இரண்டும் ஒரே படுக்கையில் புருஷன் பெண்டாட்டி மாதிரிக் கிடந்தன. பிடித்து வைத்த தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் ஆடை படியும். குடத்துக்குள் கையை விட்டுத் துழாவினால் வழவழவென்று விரலில் ஏதோ சுற்றும். காய்ச்சினால் ஆடை போகும், நாற்றம் போகாது. வெளியிலிருந்து வருகிறவர்கள் தேநீரை வாயருகே கொண்டுபோய்விட்டு, "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்று கீழே வைத்துவிடுவார்கள். குடியிருப்புக்காரர்களுக்கு அந்த மரியாதை பழகிப்போயிருந்தது.

பாட்டில்காரிக்குத் தொழிலே தண்ணீரில்தான். சாஸ் கம்பெனிக்காரன் பழைய பாட்டில்களைச் சாக்கில் கட்டி இறக்கிவிட்டுப் போவான். லேபிளைச் சுரண்டி, சோடாவில் ஊறப்போட்டு, கழுவி, கவிழ்த்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். புருஷன் லோடுமேன். விடியுமுன் சந்தைக்குப் போய்விடுவான். அவன் தங்கைதான் நாத்தனார், கீழ்வரிசையில் நேர் எதிர் வீடு. அவள் புருஷன் எங்கோ கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, கொண்டுவந்த சோப்பு தீருமுன் திரும்பிப் போய்விடுவான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே அண்ணி வீட்டுக்கு வந்து லேபிள் சுரண்ட உட்காருவாள் நாத்தனார். நாளெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். என்ன பேச்சு என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

நாத்தனாருக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. காலையில் இரண்டு தடவை போனான், மத்தியானம் கண் உள்ளே போயிற்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர்கள் முறை வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அவனைச் சுற்றியிருந்த துணியை நாத்தனார் துவைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. பாட்டில்காரிதான் ஒருநாள் அவளைக் கேட்காமல் எடுத்துக் கொளுத்தினாள். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சராசரி சார் வந்தார். ஏதோ ஆராய்ச்சி நிறுவனத்தில் பெரியவர். வாயைத் திறந்தால் "சராசரியா பாத்தா" என்றுதான் தொடங்குவார், அதனால் அந்தப் பெயர். நல்ல மனுஷன்தான், குரலை உயர்த்த மாட்டார். கூடவே நகராட்சி அதிகாரி ஒருவர் வந்தார். பச்சை நிறத்தில் பெரிய வடிகட்டித் தொட்டி ஒன்று லாரியில் வந்து இறங்கியது.

"தொட்டியிலேருந்து வீட்டுக் குழாய்க்கே தண்ணி வரும், ஆனா ஒரு வரிசைக்குத்தான்" என்றார் சராசரி சார். "ஒரு வருஷம் ரெண்டு வரிசைப் பிள்ளைங்களையும் பாப்போம். தொட்டித் தண்ணி குடிக்கிற வரிசையில நோய் குறைஞ்சா, தொட்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்புறம் எல்லா வரிசைக்கும், நகரத்துல இருக்கிற இந்த மாதிரிக் குடியிருப்பு எல்லாத்துக்கும் குடுக்கச் சொல்லி எழுதுவோம்."

"இன்னொரு வரிசை?" என்று கேட்டார் முட்டைக்காரர். கீழ்வரிசைக்காரர், யார் எங்கே பேசினாலும் நடுவில் நுழைகிறவர்.

"அவங்க இப்ப எப்படி இருக்காங்களோ அப்படியே இருப்பாங்க. ஒப்பிட்டுப் பாக்க வேணுமில்ல?"

நாணயத்தைச் சுண்டினார்கள். தொட்டி மேல்வரிசைக்கு விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தோற்ற கீழ்வரிசையும் சேர்ந்து தட்டியதுதான் வேடிக்கை. பெரிய மனிதர்கள் முன்னால் கைதட்டிப் பழகிய கைகள், எதற்கு என்று யோசிக்கவில்லை. பிறகு சராசரி சார் சொன்னார்: "மேல்வரிசைத் தண்ணியைக் கீழ்வரிசைக்குப் பகிரக்கூடாது. பகிர்ந்தா ஆய்வு கெட்டுடும். ஆய்வு கெட்டா தொட்டி இருக்காது."

தொட்டி இருக்காது என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. அதற்கு முன்னால் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்தக் குடியிருப்பு எத்தனையோ 'கூடாது'க்களைப் பார்த்திருக்கிறது. நடைபாதையில் கடை போடக்கூடாது, ஒரு மின்சார இணைப்பில் இரண்டு வீட்டு விளக்கு எரியக்கூடாது, மாடியில் தகரம் போடக்கூடாது. போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆள் வரும்போது எடுத்து வைப்பார்கள், போனதும் மறுபடி போடுவார்கள். அதைப்போல இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீரை மறைக்கிற நேரத்தில் தண்ணீரின் சாட்சியையும் சேர்த்து மறைக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

முதலில் பாட்டில்காரி நாத்தனார் பிள்ளைக்காக ஒரு கேன் நிறைத்துக் கொடுத்தாள். புதுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்த நாத்தனார் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னடி?"

"ருசியே இல்ல அண்ணி."

"தண்ணின்னா அப்படித்தான் இருக்குமாம். இத்தனை நாள் நாம குடிச்சது குழம்பு."

கேன் தூக்குவது கைவலி என்று ஓஸ் வந்தது. சாக்கடைக்கு மேலாக இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அயர்ன்காரர் பெண்டாட்டி, "உன் நாத்தனாருக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? என் எதிர்வீட்டுக்காரி என்னை மொறைக்கறா, துணி காயப்போட வெளிய வர முடியல" என்று அவளும் ஒரு ஓஸ் வாங்கினாள். மழைக்காலம் வருமுன் ஒவ்வொரு வாசலிலிருந்தும் எதிர்வாசலுக்கு ஒரு ஓஸ். காலையில் தெருவைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் குழாய் சொருகிய நோயாளி படுத்திருக்கிற மாதிரி இருக்கும். டப்பிக்காரியின் ஸ்கூட்டர் முனை திரும்பியதும் முட்டைக்காரர், "முட்டை வண்டி வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார். அத்தனை ஓஸும் பாம்பு மாதிரி உள்ளே ஓடிவிடும்.

டப்பிக்காரி என்பவள் ஆய்வுக்காக வீடு வீடாக வருகிற பெண். பிள்ளைகளின் மலத்தைப் பிடித்துத் தரச் சொல்லி மூடி போட்ட சின்னச் சின்ன டப்பிகள் கொடுப்பாள். அதை வாங்கிக்கொண்டு கேள்வி வேறு.

"தண்ணியாப் போனானாக்கா, கஞ்சியாவா, கட்டியாவா?"

"ஒழுங்காத்தான் போனான்."

"நிறம்?"

"ஏம்மா, நான் சோறு திங்க வேணாமா?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அடக்கிக்கொண்டு, "எனக்கு மட்டும் ஆசையாக்கா? நாலு வருஷம் படிச்சிட்டு இதைத் தூக்கிட்டு அலையறேன். பஸ்ஸுல பையைத் தொடாதீங்கன்னு சொன்னா என்னமோ நகை வச்சிருக்கேன்னு பாக்கறாங்க" என்பாள். ஒருநாள் அயர்ன்காரர் பெண்டாட்டியின் மகனுக்கு மலச்சிக்கல். டப்பி காலியாகப் போனால் தொட்டியைத் தூக்கிவிடுவார்களோ என்று பயந்து, எதிர்வரிசைப் பிள்ளையிடம் வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். "பீயையும் கடன் வாங்குற அளவுக்கு வந்துட்டோம்" என்று அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தார்கள், ஏனென்றால் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். இரண்டு வரிசையிலும். நாத்தனார் மகன் கன்னம் உப்பி, லேபிள் குவியலுக்குள் தவழ்ந்து, ஈரக் காகிதத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். நாத்தனார் சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்கியதே அந்த வருஷம்தான்.

"அண்ணி, அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். "நல்ல பொண்ணாத்தான் தெரியுது. பொய் சொல்லிட்டு அவ மூஞ்சியைப் பாக்க என்னமோ மாதிரி இருக்கு."

"நல்ல பொண்ணுதான். அவளுக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன் இருப்பானே. வாயைக் குடுத்து உள்ளதும் போச்சுன்னா? நீ சுரண்டு."

நாத்தனார் சுரண்டினாள்.

ஆய்வு முடிந்தது. முடிவு சொல்ல எல்லோரையும் சந்தைச் சங்கத்து ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் பூச்சாடி, அதிகாரிகளுக்கு மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில், மற்றவர்களுக்கு பிஸ்கட். இனிக் கீழ்வரிசைக்கும் தொட்டி வரும் என்று நினைத்து எல்லோரும் நல்ல துணி உடுத்திப் போயிருந்தார்கள். நாத்தனார் பிள்ளைக்குத் தலை வாரி, சட்டைப் பொத்தான் மேல்வரை போட்டுவிட்டிருந்தாள்.

சுவரில் படம் விழுந்தது. இரண்டு கோடுகள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டு போயின.

"நீலம் மேல்வரிசை, சிவப்பு கீழ்வரிசை" என்றார் சராசரி சார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "சராசரியா பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. தொட்டியால பலன் இருக்குன்னு எங்களால சொல்ல முடியல."

"பிள்ளைங்க நல்லாத்தானே சார் இருக்கு?" என்றான் லோடுமேன்.

"நல்லாயிருக்கு. ரெண்டு பக்கமும் நல்லாயிருக்கு. அதனாலதான் தொட்டி காரணம் இல்லைங்கறோம். கை கழுவச் சொல்லித் தெருமுனையில நோட்டீஸ் ஒட்டினோமில்லையா, அது வேலை செஞ்சிருக்கலாம்."

நகராட்சி அதிகாரி எழுந்தார். மேலே இந்த முடிவைத்தான் சொல்லியிருக்கிறோம் என்றார். வேறு குடியிருப்புகளுக்குப் போட்ட தொட்டித் திட்டம் கைவிடப்படுகிறது, இந்தத் தொட்டியும் எடுக்கப்படும், அதற்குப் பதிலாக எல்லாத் தெருவிலும் நோட்டீஸ் ஒட்டப்படும், வண்ணத்தில். இதைச் சொல்லிவிட்டுப் பாட்டிலின் மூடியை உடைத்துக் குடித்தார்.

சாக்கடை ஓரத்தில் ஒட்டிய அந்த நோட்டீஸை ஒருவரும் படித்ததில்லை. பாதியை ஆடு தின்றிருந்தது. பாட்டில்காரியின் வாய் முழுக்கப் பழைய தண்ணீரின் வழவழப்பு வந்து நின்றது. அவள் கூட்டத்தில் பேசியவள் இல்லை. எழுந்து நின்றதே தெரியாமல் நின்றாள்.

"சார், நாங்க தண்ணி குடுத்தோம்."

"என்னம்மா?"

"எதிர்வரிசைக்கு. ஓஸ் போட்டு. எல்லா வீட்டுலேருந்தும், தினமும். ரெண்டு வரிசையும் ஒரே தண்ணிதான் குடிச்சுது. அப்புறம் எப்படி சார் வித்தியாசம் இருக்கும்?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சராசரி சார் டப்பிக்காரியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

டப்பிக்காரி மெல்லச் சொன்னாள்: "நான் வரும்போதெல்லாம் முட்டை வண்டி வந்தாச்சுன்னு கத்துவாங்க சார். ஒரு வருஷத்துல ஒரு முட்டை வண்டியைக்கூட நான் பாத்ததில்ல. சொன்னா தண்ணியை நிறுத்திடுவீங்கன்னு..."

முட்டைக்காரர் பாட்டில்காரியின் பக்கம் திரும்பினார். "நீதானே முதல்ல ஓஸ் போட்டவ? உன் நாத்தனார் பாசத்துல எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டுட்டியே."

"உன் வீட்டுக்கு வந்த ஓஸ்தான்யா இருக்கறதுலயே தடிமன்" என்றாள் அயர்ன்காரர் பெண்டாட்டி.

சராசரி சார் கையைக் காட்டி அடக்கினார். அவர் முகம் மாறியிருந்தது. வருத்தம் போய், விளையாட்டுச் சாமானைப் பார்த்த பிள்ளையின் கண்கள் வந்திருந்தன. "அப்படின்னா தொட்டி வேலை செஞ்சிருக்கலாம்" என்றார். "ஆனா நீங்க சொல்றதை மட்டும் வச்சு எழுத முடியாது. நிரூபிக்கணும். அதுக்கு ஒரு வழி இருக்கு."

வழியை நிதானமாகச் சொன்னார். தொட்டியை எடுக்க வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். வரப்போகிற மழைக்காலம் முழுக்க அடைத்து மட்டும் வைப்போம். இரண்டு வரிசையும் பழைய தண்ணீரைக் குடிக்கட்டும். பிள்ளைகளுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு வந்தால், இதுவரை வராமல் காத்தது தொட்டிதான் என்று ஆகிவிடும். சாரும் ஒத்துக்கொண்டால், என்று அதிகாரியைப் பார்த்தார். புதுச் செலவு இல்லையென்றால் சரி என்றார் அதிகாரி.

"அதுக்கப்புறம் ரெண்டு வரிசைக்கும் நிரந்தரமா வரும். மத்தக் குடியிருப்புக்கும் வரும். ஆனா நீங்க சம்மதிச்சாத்தான். கட்டாயம் இல்ல."

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாத்தனார் உட்கார்ந்தபடியே கேட்டாள்:

"மழைக்காலம் முடியற வரைக்கும் குடிக்க வேற தண்ணி குடுப்பீங்களா?"

"வேற தண்ணி குடுத்தா அளக்க முடியாதும்மா."

"பிள்ளைங்களுக்கு மட்டுமாச்சும்?"

"பிள்ளைங்களைத்தானே அளக்கறோம்."

யாரோ பிஸ்கட்டைக் கடிக்கிற சத்தம் கேட்டது. சராசரி சார் குனிந்து, அவள் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "பயப்படாதீங்க. சராசரியா பாத்தா முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். வாரா வாரம் டாக்டர் வருவார்."

நாத்தனார் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மற்றவர்கள் பேசினார்கள். ஒரு மழைக்காலம்தானே, இத்தனை வருஷம் குடித்ததுதானே என்றார் தராசுக்காரர். சம்மதிக்காவிட்டால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், பிறகு காலம் முழுக்க இதே தண்ணீர்தான் என்றார் முட்டைக்காரர். அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. லோடுமேன் பெண்டாட்டியின் காதருகே குனிந்தான்.

"கையைத் தூக்குடி. எல்லாரும் உன்னையேதான் பாக்கறாங்க. கெடுத்தவளே தூக்கலைன்னா நாளைக்கு இந்தத் தெருவுல நாம குடியிருக்க முடியாது."

"உன் தங்கச்சி பிள்ளைய்யா."

"அவன் தாங்குவான். நல்லா தேறியிருக்கான்."

நல்லாத் தேறியிருக்கிறான். எந்தத் தண்ணீரில் தேறினான் என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். ஒவ்வொன்றாக எழுந்தன. அயர்ன்காரர் பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் தூக்கினாள். முட்டைக்காரர் இரண்டு கையையும் தூக்கப் போய் ஒன்றை இறக்கினார். பாட்டில்காரி தன் கையைப் பார்த்தாள். சோடா தின்று விரல் நுனியெல்லாம் வெடித்த கை. அது மேலே போயிற்று. பாதி போனதும் பக்கத்தில் நாத்தனார் தன்னையே பார்ப்பது தெரிந்தது. இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை.

சராசரி சார் நன்றி சொன்னார். இந்தக் குடியிருப்பின் தியாகத்தைத் தன் கட்டுரையில் நிச்சயம் குறிப்பிடுவதாகச் சொன்னார். பெயர் எதுவும் போட மாட்டோம், அது விதி என்றும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் இரண்டு ஆட்கள் வந்து தொட்டியின் வாயை அடைத்து, வீட்டுக் குழாய்களைப் பழைய குழாயோடு சேர்த்து, மேலே அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். வானம் மூட்டமாக இருந்தது. பாட்டில்காரி குழாயைத் திறந்தாள். முதலில் காற்று செருமியது, பிறகு மஞ்சளாக வந்தது. தொழில் நிற்கக் கூடாதே என்று அதிலேயே பாட்டில்களை ஊறப்போட்டாள். எதிரே நாத்தனார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. லேபிள் சுரண்ட வருவாள், வந்தால் என்ன பேசுவது என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒன்று யோசித்தாள். பிள்ளைக்கு மட்டும் நான் கடையில் தண்ணீர் வாங்கித் தருகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லலாம். உன் அண்ணன்தான் கை தூக்கச் சொன்னான் என்று சொல்லலாம். அதை நினைத்ததும் அவளுக்கே கசந்தது.

கதவு திறந்தது. நாத்தனார் வெளியே வந்தாள். ஒரு தோளில் துணிப்பை, இன்னொரு தோளில் பிள்ளை. கதவைப் பூட்டி, பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டாள். போக்கிடம் என்று அவளுக்கு யாரும் இல்லை என்பது பாட்டில்காரிக்குத் தெரியும்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள், நுரைக் கையோடு எழுந்து. "மழை வரப்போகுது. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுடி, நான் பாத்துக்கறேன். சொன்னா கேளு. உள்ள வா, பேசிக்கலாம்."

பிள்ளை அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினான். நாத்தனார் அவன் கையைப் பிடித்து மெதுவாகத் தன் கழுத்தைச் சுற்றி வைத்துக்கொண்டாள். உடைந்த பலகைகளில் கால் பார்த்து வைத்துச் சாக்கடையைத் தாண்டினாள். அண்ணியின் வாசலை ஒட்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. ஒட்டியே போனாள், அவள் தோள்பை பாட்டில்காரியின் முழங்கையில் உரசியது. முட்டைக்காரர் வாசலில் நின்று பார்த்தார், அயர்ன்காரர் பெண்டாட்டி இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒருவர் முகத்தையும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தெருமுனை வந்தது. முனையைத் திரும்பிப் போய்விட்டாள்.